ஐந்தாவது இலக்கம்

அச்சகத்தில் ப்ரூஃப் பார்க்கப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, என் வேலையில் நடந்த ஏதாவது ஒன்றை எழுதிக் கொடுக்கும்படி முதலாளி கேட்டார். எழுத்துப் பிழைகளைப் பற்றி எழுத என்னைவிடப் படித்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எண்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஒரு சொல்லில் ஓர் எழுத்து மாறினால் படிப்பவர் கண்ணில் அதுவே உறுத்தும். எண்ணில் அந்த வசதி கிடையாது. ஓர் இலக்கம் மாறினாலும் அது ஒரு முழு எண்ணாகவே நிற்கும். முகத்தில் ஒரு கீறல்கூட இருக்காது. எதனால் வகுபடும், எதனால் வகுபடாது என்ற அதன் குணம் மட்டும் மாறியிருக்கும். அதை வகுத்துப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

நான் வீட்டை விட்டுக் கிளம்பியபோது எனக்குப் பதினான்கு வயது. நாக்பூர் லாரியில் கிளீனர், விஜயவாடா கூட்ஸ் ஷெட்டில் மூட்டை எண்ணுபவன், சூரத்தில் சாயப்பட்டறை, மறுபடி லாரி என்று இருந்தேன். சூரத்தில் இரண்டு கையும் தோல் உரிந்து ஆறு வாரம் ரயில் நிலையத்தில் படுத்திருந்தேன். பெரிய கதை இல்லை. உரிந்தது, பிறகு வளர்ந்தது. எந்த ஊரிலும் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. என் கையால் ஏதாவது கெட்டுப்போனால் பையை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டி ஏறிவிடுவேன். திட்டு வாங்கக் காத்திருந்ததில்லை.

விஜயவாடா ஷெட்டில் ஒரு கணக்கர் இருந்தார். அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. வேகன் எண்களை ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்கு எழுதிவிட்டு, இலக்கங்களை எல்லாம் கூட்டி ஒற்றை இலக்கமாக்கி ஓரத்தில் பென்சிலால் குறிப்பார். இரண்டு தாளிலும் அந்த ஒற்றை இலக்கம் ஒன்றாக இருந்தால் எழுதியது சரி. நாலு விழ வேண்டிய இடத்தில் ஏழு விழுந்தால் கூட்டல் காட்டிக்கொடுத்துவிடும். பூஜ்யத்துக்குப் பதில் ஒன்பது விழுந்தால் மட்டும் காட்டாது. அதையும் அவரே சொன்னார். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

மயிலாப்பூர் குளத்துக்குப் பின்சந்தில் இருக்கும் நம் அச்சகத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. நம் அச்சகம் கணக்குப் புத்தகங்களும் வினாத்தாள்களும் அடிக்கும் இடம். இங்கே எண்களைச் சரிபார்க்க ஒரு முறை உண்டு. உங்களுக்கும் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். ஒருவர் மூலப்பிரதியைக் கையில் வைத்துக்கொள்வார். மற்றவர் ப்ரூஃபை வாய்விட்டுப் படிப்பார். 'எழுபத்து மூவாயிரம்' என்று சேர்த்துப் படிக்கக் கூடாது. ஏழு, மூன்று என்று ஒவ்வோர் இலக்கமாக. கேட்பவர் தலையாட்டக் கூடாது, 'உம்' கொட்டக் கூடாது. மாறியிருக்கிற இடத்தில் 'நில்' என்று சொல்லலாம். அந்த ஒரு சொல்லுக்குத்தான் அனுமதி.

நான் அதோடு விஜயவாடா பென்சில் எண்ணையும் சேர்த்துக்கொண்டேன். வருடங்கள் போகப் போக என் கூட்டலின் மேல் எனக்கு நம்பிக்கை கூடியது. வாய்விட்டுப் படிப்பது மற்றவர்களுக்கு என்று நினைக்கும் அளவுக்குக் கூடியது.

ஓர் அறக்கட்டளை ஆண்டுதோறும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டி நடத்திவந்தது. வினாத்தாள் அச்சடிப்பது நாம். கடைசிச் சுற்றுக்கு மட்டும் ஒரே ஒரு கேள்வி, தனி அட்டையில், முத்திரையிட்ட உறையில் போகும். மேடைத் திரைக்கும் அதே கோப்புதான். கேள்வி போடுபவர் ராஜா அண்ணாமலைபுரத்தில் இருந்த ஒரு மாமி. பணி ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை. நீல மையில், கொட்டை எழுத்தில் எழுதி அனுப்புவார். அந்த வருடம் அவர் அனுப்பிய கேள்வி இது: பன்னிரண்டு இலக்க எண் ஒன்றைக் கொடுத்து, இதை மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய இரண்டு இலக்க எண் எது?

பார்த்தால் பூதம் மாதிரி இருக்கும். ஆனால் இரண்டு இலக்க எண்களில் பெரியது தொண்ணூற்றொன்பது. ஒன்பதாலும் பதினொன்றாலும் வகுபட்டால் வேலை முடிந்தது. மாமி எழுதிய எண் இந்த ஒன்பது, பதினொன்று இரண்டாலுமே வகுபடும் என்று கீழே அவரே குறிப்பு எழுதியிருந்தார்.

அன்று என்னோடு படிக்கும் ஆள் நங்கநல்லூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். முதலாளி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இருய்யா, நான் கேக்கறேன், நீ படி" என்றார்.

"வேணாம் சார். கூட்டிட்டேன். அங்கயும் ஒம்பது, இங்கயும் ஒம்பது. சரியா கீது."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் வேலைக்குப் போனார். அட்டை அச்சானது.

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். லஸ் பக்கம் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்ததால் பள்ளி மண்டபத்துக்கு நடந்தே போனேன். என் பையில் இரண்டு உறைகள். கேள்வி உறையை வாசலிலேயே அறக்கட்டளைச் செயலாளரிடம் கொடுத்துவிட வேண்டும். மாமியின் கையெழுத்துப் பிரதி இருக்கும் மற்ற உறையைப் போட்டி முடிந்தபின் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். அது அவர்கள் அலமாரிக்குள் போகும். எனக்குத் தெரிந்து எந்த வருடமும் யாரும் அதைப் பிரித்ததில்லை. கேள்வி போட்டவர் மண்டபத்துக்கு வரக் கூடாது, உள்ளே வருபவர்கள் கைபேசியை வாசலில் கொடுத்துவிட வேண்டும் என்பவை அவர்கள் விதிகள். முதலாளி எனக்குச் சொன்ன விதி வேறு. "கவரு குடு. கையெழுத்து வாங்கு. வாயத் தொறக்காத."

எங்கே போனாலும் நான் கதவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன். அன்றும் அப்படித்தான். பக்கத்தில் ஒரு பாய், ஐம்பது வயதிருக்கும், விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய புள்ளிகள்.

"இன்னா நைனா, உன் புள்ள கீதா மேடையில?"

"இல்ல பாய். நான் பிரஸ்ஸு. கவரு கொண்டாந்தேன்."

"அதோ வெள்ளை முக்காடு போட்டுக்கினு கீதே, அது என் பொண்ணு. தஸ்லீம்." மேடையில் இரண்டே பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். இந்தப் பெண்ணும், அடையாறு பக்கம் ஒரு பயிற்சி மையத்திலிருந்து வந்த அபினவ் என்ற பையனும். இருவரும் சமப் புள்ளி. "நான் தி.நகர்ல ஆரி வேலை. ப்ளவுஸுக்கு ஜரிப்பூ போடறது. இவ லீவு நாள்ல வந்து பூவ எண்ணுவா. ஒரு தபா கஸ்டமர் எதுர்லயே, 'அப்பா, இந்தக் கையில இருபத்து மூணு பூ, அந்தக் கையில இருபத்து ரெண்டுதான்'னு சொல்லிட்டா. கடைக்காரர் என்னை இன்னிக்கும் மொறைக்கறாரு."

"எண்ணிக்கை சரிதானே?"

"சரிதான். அதான் மொறைக்கறாரு." சிரித்தார். அப்புறம் குரல் இறங்கியது. "ஜெயிக்கறவங்களுக்கு இவங்க ஸ்கூல்ல பதினொண்ணு, பன்னெண்டு சும்மா படிக்கலாம். ஒரே சீட்டு. எங்க ஸ்கூல்ல ப்ளஸ் ஒன்ல கணக்கு க்ரூப்பே கெடையாது, நைனா. வேற எங்க போனாலும் நமக்கு எட்டாது. இங்க கெடைக்கலன்னா அவளுக்குக் கணக்கு இன்னியோட முடிஞ்சுது."

செயலாளர் உறையைப் பிரித்தார். திரையில் எண் வந்தது.

738125946630

இதை மீதியில்லாமல் வகுக்கும் மிகப் பெரிய இரண்டு இலக்க எண் எது? நான்கு நிமிடம். பதிலைச் சிலேட்டில் எழுதி, மணியடித்ததும் தூக்கிக் காட்ட வேண்டும்.

பழக்க தோஷத்தில் நான் கூட்டினேன். ஐம்பத்து நான்கு. ஐந்தும் நாலும் ஒன்பது. "இது நான் பாத்த எண்ணு, பாய்" என்றேன்.

"நீ போட்டதா?"

"போடல. சரிபாத்தேன்."

"அப்ப நம்ம ஆளுதான் நீ" என்று என் தொடையில் தட்டினார்.

அரை நிமிடத்தில் அபினவ் எழுதி முடித்துச் சிலேட்டைக் கவிழ்த்து வைத்துக் கையைக் கட்டிக்கொண்டான். முன்வரிசையில் அவன் அம்மா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்து நிம்மதியானார். தஸ்லீம் தலையைத் தூக்கவில்லை. எழுதினாள், அழித்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி எழுதினாள். மூன்று நிமிடம் ஆனது. பாய் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கே தெரியாமல் அவர் விரல்கள் இறுகிக்கொண்டே போயின. மணியடிக்கும்போதுதான் அவள் குச்சியைச் சிலேட்டிலிருந்து எடுத்தாள்.

அபினவ் சிலேட்டில் 99. தஸ்லீம் சிலேட்டில் 90.

செயலாளர் கையிலிருந்த விடைக்குறிப்பைப் பார்த்தார். "தொண்ணூத்தொம்பது! வாழ்த்துக்கள் அபினவ்!"

கைதட்டல். பாயின் கை என் முழங்கையிலிருந்து விழுந்தது. ஆனால் தஸ்லீம் மேடையை விட்டு இறங்கவில்லை.

"சார், பதினொண்ணு போகாது சார்."

"கீ-ல தொண்ணூத்தொம்பதுன்னுதாம்மா இருக்கு. போய் உக்காரு."

"போகாது சார். ஒண்ணு விட்டு ஒண்ணு கூட்டுங்க. ஒரு பக்கம் முப்பத்தஞ்சு வருது, இன்னொரு பக்கம் பத்தொம்பது வருது. கழிச்சா பதினாறு. பூஜ்யமோ பதினொண்ணோ இருபத்திரண்டோ வந்தாத்தான் சார் பதினொண்ணு போகும்."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "கீ-ல இருக்கறதுதான் முடிவு. அதுதான் ரூல்" என்றார் செயலாளர். தலைமை விருந்தினர் மணி பார்த்துக்கொண்டிருந்தார்.

நானும் முதலில் அந்தப் பெண்ணுக்காகப் பரிதாபப்பட்டேன். எண் சரி என்பது எனக்குத் தெரியுமே, நானே கூட்டியிருக்கிறேனே. ஆனால் கையில் விரல் இருக்கும்போது எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. ஏழு, எட்டு, இரண்டு, ஒன்பது, ஆறு, மூன்று. முப்பத்தைந்து. மூன்று, ஒன்று, ஐந்து, நான்கு, ஆறு, பூஜ்யம். பத்தொன்பது.

பதினாறு.

மாமியின் குறிப்பு ஞாபகம் வந்தது. ஒன்பதாலும் பதினொன்றாலும் வகுபடும் என்று எழுதியிருந்தார். திரையில் இருப்பது பதினொன்றால் வகுபடவில்லை. அப்படியென்றால் திரையில் இருப்பது மாமியின் எண் இல்லை. என் கூட்டல் எப்படி ஒத்துவந்தது என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் முதலாளி 'நீ படி' என்றதும், நான் 'வேணாம்' என்றதும் நன்றாக ஞாபகம் இருந்தது.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். யாருக்கும் தெரியாது. உறை என் பையில். அது அலமாரிக்குள் போய்விடும். மாமியே தவறாக எழுதியிருப்பார் என்று சொன்னாலும் நம்புவார்கள். கதவு மூன்று எட்டில். பை தோளில். எத்தனை ஊரில் இப்படி எழுந்து போயிருக்கிறேன்.

எழுந்தேன்.

"இன்னா நைனா, கெளம்பிட்டியா?" என்றார் பாய். அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. மேடையில் தனியாக நிற்கும் பெண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கதவுப் பக்கம் கால் போகவில்லை. ஏன் என்று இன்றுவரை காரணம் சொல்லத் தெரியாது. இருக்கைகளின் நடுவே மேடையை நோக்கி நடந்தேன்.

"சார், எண்ணு மாறியிருக்கு சார்."

"யாருய்யா நீ?"

"ப்ரூஃப் பாத்தவன். அந்தப் பொண்ணு சொல்றது சரி. மூலத்துல வேற எண்ணு இருக்கும். நான் ஒழுங்கா பாக்கல."

உறையை எடுத்து நீட்டினேன். "நீயே பிரி" என்றார் செயலாளர்.

"நான் பிரிக்க மாட்டேன் சார். முத்திரை அப்படியே கீது பாருங்க. நீங்க பிரிங்க. எல்லாரும் பாக்கட்டும்."

இதைக் கவனியுங்கள். தவறு நம்முடையது என்று தெரிந்த பிறகு ஆதாரத்தின் மேல் நம் விரல் படக் கூடாது. அது நமக்குச் சாதகமாக இருந்தாலும் சரி, பாதகமாக இருந்தாலும் சரி.

அவர் பிரித்தார். நீல மையில் 738152946630. திரையையும் தாளையும் இரண்டு முறை பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது. நான் கொஞ்சமும் எதிர்பார்க்காத தெளிவு.

"சரி, பிரஸ் தப்பு. ஆனா கேள்வி போட்டவங்க போட்ட எண்ணுக்குப் பதில் தொண்ணூத்தொம்பது. அபினவ் சொன்னதும் தொண்ணூத்தொம்பது. அப்ப நான் சொன்ன முடிவுதானே சரி?"

மறுபடி கைதட்டல், முன்பைவிடப் பலமாக. தஸ்லீமைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவளுக்கு எதிரான ஒரே சாட்சியை நானே கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன். பின்னாலிருந்து பாய் கத்தினார்: "யோவ்! இன்னாய்யா பண்ணிட்ட நீ!"

தஸ்லீம் என்னைப் பார்த்தாள். அழவில்லை. சிலேட்டை நெஞ்சோடு பிடித்திருந்தாள், அதில் உள்ள கணக்கு அழிந்துவிடக் கூடாது என்பதுபோல.

"சார்," என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. "இந்தக் காகிதம் இப்பத்தான் வெளிய வந்துது. ரெண்டு புள்ளைங்களும் இதப் பாக்கல. அவங்க கண்ணு முன்னாடி இருந்தது திரைதான். நீங்க கேட்டது திரையில இருக்கறத."

"எனக்கு ரூல் சொல்லித் தர்றியா?"

"ரூல் தெரியாது சார். நான் எட்டாவது. ஆனா என் வேலையில ஒண்ணு தெரியும். படிக்கறவன் கையில அச்சடிச்சதுதான் கீது. மூலம் அவன் கைக்கு வராது. தப்பு என்னுது சார். அத இந்தப் பொண்ணு தலையில வெக்காதீங்க. கேள்வி போட்டவங்களையே கேளுங்க."

தலைமை விருந்தினர்தான், "ஒரு ஃபோன் போட்டுடுங்களேன்" என்றார். செயலாளருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வாசலிலிருந்து தன் கைபேசியை வரவழைத்து, மாமியை அழைத்து மைக்குக்கு முன்னால் வைத்தார். விஷயத்தைக் கேட்டதும் மாமி சொன்னார்:

"கொழந்தேள் முன்னாடி என்ன எண் இருந்துதோ அதைப் படியுங்கோ."

"எழுபத்து மூவாயிரத்து எண்ணூத்து..."

"அப்படி வேண்டாம். ஒவ்வொண்ணா. இருங்கோ, ஆத்துல பென்சிலை எங்க வெச்சேன்... ம், படியுங்கோ."

படித்தார். காகிதத்தில் பென்சில் உரசும் சத்தம் மண்டபம் முழுவதும் கேட்டது.

"இது என் எண் இல்லை. சரி, போனாப் போறது. இதுக்கே பாக்கலாம். பதினொண்ணு போகலை, அதனால தொண்ணூத்தொம்பது இல்லை. ஏழுல ரெண்டு மிச்சம். தொண்ணூத்தெட்டு இல்லை, தொண்ணூத்தொண்ணும் இல்லை."

தஸ்லீம் தன் சிலேட்டைப் பார்த்தாள். உதடு அசைந்தது.

"தொண்ணூத்தேழு... இருங்கோ." பென்சில் மறுபடி உரசியது. முன்வரிசையில் ஒரு குழந்தை ஏதோ கேட்க, அதன் வாயைப் பொத்தினார்கள். "அம்பத்துமூணு மிச்சம். போகலை. தொண்ணூத்தாறும் தொண்ணூத்திரண்டும் நாலால போகணும். கடைசில முப்பதுன்னா இருக்கு, போகாது. தொண்ணூத்தஞ்சுக்குப் பத்தொம்போது போகணும்..."

"மூணு மிச்சம்" என்றாள் தஸ்லீம், மைக் இல்லாமல், தனக்குத்தானே.

"...மூணு மிச்சம். தொண்ணூத்துநாலுக்கு நாப்பத்தேழு. அஞ்சு மிச்சம். தொண்ணூத்துமூணுக்கு முப்பத்தொண்ணு. பதிமூணு மிச்சம்." பென்சிலை வைக்கும் சத்தம். "தொண்ணூறு. கடைசில பூஜ்யம், கூட்டினா அம்பத்துநாலு. போறது. அந்தப் பொண்ணு என்ன எழுதியிருக்கா?"

செயலாளர், "தொண்ணூறு" என்றார்.

"நாலு நிமிஷத்துலயா? எனக்கே அதைவிட ஜாஸ்தி ஆயிடுத்து. தொண்ணூத்தொம்பதுன்னு எழுதின பிள்ளை இருக்கானா? ஏண்டா கண்ணா, பதினொண்ணு போறதான்னு பாத்தியோ?"

அபினவ் அம்மா எழுந்து, "மேடம், அவன் ஆன்சர் சரியாத்தானே..." என்று ஆரம்பித்தார். பையன் மைக்குக்கு வந்துவிட்டான். காது இரண்டும் சிவந்திருந்தன.

"பாக்கல மேம். கடைசிக் கேள்வின்னா தொண்ணூத்தொம்பதாத்தான் இருக்கும்னு எங்க க்ளாஸ்ல சொல்லுவாங்க. ஒம்பது மட்டும் பாத்தேன்."

ஒன்பது மட்டும் பார்த்தவர்கள் அந்த மண்டபத்தில் இரண்டு பேர் இருந்தோம். அவன் சொன்னபோது எனக்கும் காது சுட்டது.

"நன்னா உண்மையச் சொன்னே" என்றார் மாமி. "செயலாளர் சார், நான் கேட்ட கேள்வியை ரெண்டு கொழந்தேளும் பாக்கவே இல்லை. நீங்க கேட்ட கேள்விக்கு ஒருத்தி பதில் சொல்லியிருக்கா. அப்புறம் உங்க இஷ்டம்." இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

அபினவ் தன் சிலேட்டில் இருந்ததைச் சட்டைக் கையாலேயே அழித்தான். அதைப் பார்த்தபின்தான் செயலாளர் மைக்கை எடுத்தார். "தஸ்லீம்" என்றார். வாழ்த்துக்கள் என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. அதனால் என்ன, சீட்டு அவளுக்குத்தான்.

இரண்டு உறைகளையும் என் கையில் திணித்து, "இனிமே உங்க பிரஸ் பக்கமே வர மாட்டோம்னு உங்க முதலாளிகிட்ட சொல்லு" என்றார். அந்த வேலை அதோடு நம்மை விட்டுப் போனது. இன்றுவரை திரும்பி வரவில்லை.

வாசலில் கைபேசியை வாங்கிக்கொண்டிருந்தபோது தஸ்லீம் அப்பாவோடு வந்தாள்.

"அங்கிள், நீங்க எப்படி செக் பண்ணீங்க?"

"கூட்டிப் பாத்தேம்மா. மூலத்துலயும் ஒம்பது, அச்சுலயும் ஒம்பது."

"ரெண்டு இலக்கம் எடம் மாறினா கூட்டல் எப்படி அங்கிள் மாறும்? அதே இலக்கந்தானே உள்ள இருக்கு." சொல்லிவிட்டு, நான் சங்கடப்படுவதைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டாள். "ஒண்ணு விட்டு ஒண்ணு கூட்டி, கழிச்சுப் பாருங்க. பக்கத்துப் பக்கத்து இலக்கம் மாறினா அதுல கண்டிப்பா மாட்டிக்கும்."

இருபது வருடம் ஓரத்தில் பென்சில் எண் போட்டவனுக்கு இது தோன்றவில்லை. என் பழைய ப்ரூஃப் தாள்கள் மேல்தட்டில் கிடக்கின்றன, எடுத்துப் பாருங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஓரத்தில் ஓர் எண் இருக்கும். அதற்குப் பின்னால் இரண்டு.

பாய் என் தோளில் கை போட்டார். "கத்திட்டேன், மனசுல வெச்சுக்காத. வேலை போச்சுன்னா தி.நகர் வா நைனா. ஊசில நூல் கோக்கத் தெரியுமா?"

"கண்ணு சரியா தெரியாது, பாய்."

"அதான் ப்ரூஃப் பாத்தியாக்கும்!"

குளக்கரை வழியாக அச்சகத்துக்கு நடந்தேன். ரயில் ஏறலாம் என்ற எண்ணம் வழியில் இரண்டு முறை வந்தது. முதலாளி ஞாயிற்றுக்கிழமையிலும் கையெழுத்துச் சீட்டுக்காகக் காத்திருந்தார். உட்காராமல், நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். அறக்கட்டளை வேலை போனதைச் சொன்னேன். என் வேலை போய்விட்டதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவர் கையை நீட்டினார். உறைகளைக் கொடுத்தேன். அட்டையை என் பக்கம் தள்ளிவிட்டு, மாமியின் தாளை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"படி" என்றார்.

அட்டையை எடுத்தேன்.

"ஏழு. மூணு. எட்டு. ஒண்ணு. ரெண்டு."

"நில்."

நான் வாயைத் திறந்து ஐந்து நொடிகூட ஆகியிருக்காது.